குளிருக்குப் பூசின மெழுகு

டென்மார்க்கிலை மலை இல்லை. ஒரு மேட்டைக் கண்டால் சனம் காரை நிப்பாட்டிப்போட்டு இறங்கிப் படம் எடுக்கும். அப்பிடிப்பட்ட நாட்டிலை, ஓல்போர்க்கிலை, ஸ்னோவிலை வழுக்கி ஓடுற ஸ்கீ கழகம் எண்டு ஒண்டு இருந்தது. வருசா வருசம் மாசியிலை காட்டுக்குள்ளை ஓட்டப்போட்டி எண்டு அறிவிப்பினம். வருசா வருசம் ஸ்னோ விழேல்லை எண்டு போட்டியை நிப்பாட்டிப்போட்டு, கோப்பி குடிச்சு, ஆளையாள் பாராட்டிப்போட்டு வீட்டை போவினம். இதைவிடச் சுகமான விளையாட்டு உலகத்திலை இல்லை. என்ரை மனுசன் அதிலைதான் போய்ச் சேர்ந்தார்.

சேர்ந்தது ஆசையிலை இல்லை. அவர் வேலை செய்த பக்ரறியின்ரை போர்மன்தான் கழகத்துக்குத் தலைவன். அவன் "நீயும் வாறியா?" எண்டு கேட்டிருக்கிறான், இவர் "யா, யா" எண்டிட்டார். நான் கடையிலை பால் வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டால் அரைமணித்தியாலம் யோசிக்கிற மனுசன். காலிலை கட்டிக்கொண்டு வழுக்கிற ஸ்கீயும் பழசாய் ஒரு சோடி வந்து சேர்ந்தது. அது ரெண்டு மாரிக் குளிர்காலமாய் எங்கடை கராஜிலை சைக்கிளுக்குப் பின்னாலை நிண்டது. நானும் அதைப் பற்றிப் பெரிசாய்க் கவலைப்படேல்லை.

மூண்டாவது மாரிதான் வன்னியிலை சண்டை முடியிற மாரி. இவற்றை அக்கா, எனக்கு மச்சாள், அங்கை உள்ளுக்கை அம்பிட்டுப் போனா. அவவின்ரை மனுசன் முந்தியே மாரடைப்பிலை செத்துப்போனார். மச்சாளும் மூண்டு பிள்ளையளும்தான், பெரியவன் ஒருத்தன், அவனுக்குக் கீழை பெட்டையள் ரெண்டு. பொங்கலுக்குக் கதைச்சவ. அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அவவிட்டை இருந்தது இவற்றை கைபோன் நம்பர் மட்டும்தான். அந்தப் போனைச் சாப்பிடேக்கை கோப்பைக்குப் பக்கத்திலை வைப்பம், படுக்கேக்கை தலைமாட்டிலை வைப்பம். அது அடிச்சால் ஒண்டில் ரெலிபோன் கொம்பனி விளம்பரம், இல்லாட்டி சும்மா விசாரிக்கிற சனம்.

இஞ்சை இருக்கிற எங்கடை சனமெல்லாம் பஸ் பிடிச்சுக் கொப்பன்ஹேகன் போய், சண்டையை நிப்பாட்டச் சொல்லி ஊர்வலத்திலை நிண்டு, தொண்டை கட்டிக்கொண்டு வந்தினம். இவரும் ஒருக்காப் போனவர். வந்து சப்பாத்தைக் கழட்டிப்போட்டு நேரை போய்ப் படுத்திட்டார். அடுத்த நாள் கராஜுக்குப் போய் அந்த ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு வந்து என்ரை அயன் பண்ணுற மேசையிலை படுக்கப் போட்டார். நாடே எரியுது, என்ரை மனுசன் மெழுகு உருக்க வெளிக்கிட்டிட்டார்.

உருக்கினது என்ரை அயன்பொக்ஸிலை. சாறி அயன் பண்ணுற பெட்டியிலை மெழுகுக் கட்டியைப் பிடிப்பார், அது சொட்டுச் சொட்டாய் ஸ்கீயின்ரை அடிப்பக்கத்திலை விழும். பிறகு பெட்டியாலை மெதுவாய் இழுத்து இழுத்துத் தேய்ப்பார். என்ரை ஒரு சட்டையைக்கூட அவ்வளவு பக்குவமாய்த் தேய்ச்சதில்லை. ஆறவிடுவார். ஆறினாப் பிறகு பிளாஸ்ரிக் தகடு ஒண்டாலை பூசினதை முழுக்கச் சுரண்டி எடுப்பார்.

"சுரண்டி எறியிறதுக்கு ஏனப்பா பூசுறியள்?"

"உள்ளுக்கை போனது காணும்."

"பிளாஸ்ரிக்குக்குள்ளை என்ன போகும்?"

பிரஷை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிடுவார். சுரண்டின தூள் முழுக்க என்ரை கார்ப்பெற்றிலை. அதை ஆர் உறிஞ்சி எடுக்கிறது? மூதாளர் இல்லத்திலை ஒரு நாள் முழுக்க மற்றவையின்ரை கட்டிலைத் துப்பரவாக்கிப்போட்டு வாற நான்தான்.

அதோடை முடிஞ்சால் பரவாயில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் வழுக்கிற மெழுகு, நடுவிலை, கால் மிதிக்கிற இடத்திலை மட்டும் பிடிக்கிற மெழுகு. அதைப் பென்சிலாலை கீறுற மாதிரிக் கீறி, ஒரு தக்கைத் துண்டாலை உரஞ்சி, மெல்லிசாய்ப் படை படையாய்ப் பூசவேணும். சூட்டுக்குச் சிவப்பு, குளிருக்கு நீலம், கடுங்குளிருக்குப் பச்சை. குளிர் கூடக் கூட மெழுகு இறுகலாய் இருக்கவேணுமாம். கடுங்குளிரிலை ஸ்னோ கூர் மணல் மாதிரியாம், இளகின மெழுகிலை குத்திப் பிடிச்சு ஆளை நிப்பாட்டிப்போடுமாம். ஒரு தூசி, ஒரு துரும்பு படக்கூடாதாம். இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லுவார். "அக்கான்ரை பாடு என்ன மாதிரி எண்டு நினைக்கிறியள்?" எண்டு கேட்டால் "ம்". அவ்வளவுதான். அந்த "ம்"மைக் கேட்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

கோயில், சாமி எண்டாலும் அவருக்குப் பகிடிதான். நான் விளக்குக் கொளுத்தேக்கை வந்து நிண்டு, "என்ன, உம்மடை ஆள் இண்டைக்கும் லீவோ?" எண்டு கேப்பார். அந்த மாசம் மட்டும் அந்தப் பகிடியையும் விட்டிட்டார். மெழுகுப் புகை மூக்கை அடைச்சுப்போட்டுது எண்டு நானும் நினைச்சன்.

பிறகு ஒரு கிழமை ஸ்னோ கொட்டினது. சும்மா இல்லை, முழங்கால் மட்டத்துக்கு. கழகம் பயந்துபோச்சு. இனிச் சாட்டுச் சொல்லேலாது, ஞாயிற்றுக்கிழமை போட்டி எண்டு அறிவிச்சினம்.

"போகப்போறியளோ? போன் வந்தால்?"

"நீரும் வாரும். போனை நீர் வைச்சிரும். குளிருக்குப் பற்றறி செத்துப்போம், உடம்போடை வைச்சிரும்."

கலியாணம் கட்டி இவ்வளவு காலத்துக்குப் பிறகு எனக்கு ஒரு உத்தியோகம் தந்திட்டார். வெளிக்கிட முன்னம் சாமித்தட்டிலை விளக்கைக் கொளுத்தினன், திருநீறு டப்பாவைக் காணேல்லை. நேரமாகுது எண்டு அவர் ஹோர்ன் அடிச்சார். சாமியைக் கும்பிட்டதோடை போனன்.

காட்டிலை அப்பிடி ஒரு குளிர், மூக்குக்குள்ளை மயிர் விறைச்சுப் போச்சு. மூண்டு சுத்துச் சுத்தவேணும். போர்மன் ஒவ்வொருத்தரின்ரை ஸ்கீயையும் திருப்பிப் பிடிச்சு, கையுறையைக் கழட்டிப்போட்டு அடிப்பக்கத்தைத் தடவிப் பாத்துக்கொண்டு வந்தான். பொம்பிளை பாக்க வந்தவன்கூட அவ்வளவு வடிவாய்ப் பாக்கமாட்டான். இவற்றை ஸ்கீயைத் தடவினவன் விரலைப் பாத்தான். விரல் சாம்பல் நிறம்.

"இது என்ன?"

"மெழுகு," எண்டார் மனுசன்.

"என்ன மெழுகு?"

"எங்கடை நாட்டு மெழுகு."

"எந்தக் குளிருக்கு?"

"பெரிய குளிருக்கு."

போர்மன் விரலை மணந்து பாத்தான். வெளிநாட்டு ஆக்களின்ரை பண்பாட்டை மதிக்கவேணும் எண்டு பக்ரறியிலை அவங்களுக்கு ஒரு கோர்ஸ் வைச்சவையாம், அது அந்த இடத்திலை நல்லா வேலை செய்தது. தலையை ஆட்டிப்போட்டு அடுத்த ஆளிட்டைப் போயிட்டான்.

நான் கிட்டப் போய்ப் பாத்தன். மூண்டு விரலாலை, நுனியிலையிருந்து கடைசி வரைக்கும், ரெண்டு ஸ்கீயிலையும் என்ரை டப்பாத் திருநீறு முழுக்க. தூசி படக்கூடாது எண்டு மூண்டு கிழமை என்னை அந்த ஸ்கீயிலை கை வைக்க விடாத மனுசன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிச்சுப்போட்டுத்தான் யோசிச்சன். சாமியைப் பகிடி பண்ணின ஆளே சாமியிட்டைப் போயிட்டார் எண்டால், இவர் மனசுக்குள்ளை அக்காவைப் பற்றி என்னத்தை எல்லாம் நினைச்சு வைச்சிருக்கிறார்? அண்டைக்குத்தான் எனக்கு முதல்தரம் பயம் பிடிச்சது. அவரோ என்ரை முகத்தைப் பாக்கேல்லை.

ஓடினவர் எண்டு சொன்னால் பொய். மற்றவை எல்லாம் வழுக்கிக்கொண்டு போக, இவர் சேத்துக்குள்ளை நடக்கிற மாதிரி நடந்தார். சின்னப் பிள்ளையள் முந்திச்சுதுகள். பிறகு எழுபது வயசு மதிக்கத்தக்க மனுசி ஒருத்தி, "கொம் நூ! கொம் நூ!" எண்டு டெனிஷிலை வா வா எண்டு உற்சாகப்படுத்திக்கொண்டே முந்திப் போனா. ரெண்டாம் சுத்து முடிச்சு இவர் என்னைத் தாண்டேக்கை கண்ணாலை ஒரு கேள்வி கேட்டார். நான் இல்லை எண்டு தலையாட்டினன். திரும்பக் காட்டுக்குள்ளை போயிட்டார்.

அவற்றை முதுகு மறைய, நெஞ்சுக்கை வைச்சிருந்த போன் அடிச்சுது. நீட்டு நம்பர்.

"பிள்ளை, நான்தான்."

"மச்சாள்! ஐயோ மச்சாள், எங்கை நிக்கிறியள்?"

"வவுனியாவுக்குக் கொண்டந்து முகாமிலை விட்டிருக்கிறாங்கள். ஆரோ ஒராளின்ரை போன், கனக்கக் கதைக்கேலாது. தம்பி எங்கை?"

"ஸ்னோவுக்குள்ளை ஓடுறார்." வேறை என்னத்தைச் சொல்ல?

"ஏன்? ஆர் துரத்துறாங்கள்?"

"ஒருத்தரும் துரத்தேல்லை மச்சாள். சும்மா ஓடுறார்."

"சும்மாவோ," எண்டா. அவவுக்கு அது விளங்கேல்லை, எனக்கும் அந்த நேரம் விளங்கேல்லை. "பெட்டையள் ரெண்டும் என்னோடை நிக்குதுகள். பெரியவனை..." பக்கத்திலை ஆரோ போனைத் தரச்சொல்லிக் கேட்டது. "பெரியவனைக் கடற்கரையிலை கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டு வந்தனாங்கள், பிள்ளை. நீதான் தம்பிக்குச் சொல்லவேணும்."

போன் நிண்டுது.

எல்லாரும் ஓடி முடிச்சு, ஸ்கீயைக் கழட்டிப்போட்டு, கோப்பிக் கோப்பையோடை நிண்டு என்ன மெழுகு நல்லாய் வழுக்கினது எண்டு ஆராய்ச்சி செய்துகொண்டு நிண்டினம். நான் அழுதுகொண்டு நிண்டன். குளிருக்குக் கண்ணீர் வருது எண்டு போர்மன் எனக்கு ஒரு துவாலை தந்தான். இந்த மனுசன் வந்து துலையட்டும் எண்டும் இருந்தது, வராமலே இருக்கட்டும் எண்டும் இருந்தது. திருநீறு அவரை வரவிடேல்லை.

கடைசியாய் மரங்களுக்குள்ளாலை வந்தார். கடைசி ஆளுக்குத்தான் டெனிஷ் சனம் கூடுதலாய்க் கை தட்டும். எல்லாரும் தட்டிச்சினம். முடிவுக் கோட்டுக்குக் கிட்ட வந்தவர் என்ரை முகத்தைக் கண்டார். கண்ட இடத்திலையே நிண்டார். கோடு ரெண்டு எட்டிலை கிடக்கு, தாண்டமாட்டன் எண்டு நிண்டார்.

"ஆர் ஆர் வெளியிலை வந்தது?" எண்டு அங்கை நிண்டே கேட்டார்.

"மச்சாள் வந்திட்டா! சின்னவள்மார் ரெண்டு பேரும் வந்திட்டினம்!"

அவர் பெரியவன்ரை பேருக்குக் காத்துக்கொண்டு நிண்டார். நான் போனைத் திரும்ப நெஞ்சுக்குள்ளை செருகினன். சனம் இன்னும் கை தட்டிக்கொண்டு நிண்டது. இவர் மெல்ல ஒவ்வொரு காலாய்த் தூக்கி ஸ்கீயைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியாலை திரும்பக் காட்டுக்குள்ளை போகத் தொடங்கினார்.

"எங்கை போறான்? போட்டி முடிஞ்சுது," எண்டான் போர்மன்.

நான் துவாலையை அவன்ரை கையிலை குடுத்துப்போட்டு அவருக்குப் பின்னாலை போனன். ஸ்கீ தடத்திலை சப்பாத்தோடை நடக்கக்கூடாது எண்டு ஆரோ பின்னாலை சத்தம் போட்டினம். நான் நடந்தன்.