பொன்னி சொன்ன தோஷம்

பொன்னிக்குத் தொழில் கல்யாணத் தரகு என்று கெடார் ஊரில் எல்லோரும் நம்பினார்கள். அவள் ஒரு கல்யாணத்தைக்கூட முடித்து வைத்ததில்லை என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

உண்மையில் அவள் விழுப்புரத்தில் எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் மையத்தின் களப்பணியாளர். மாத்திரையை நடுவில் விட்டவர்களை வீடு தேடிப் போய்த் திரும்பச் சாப்பிட வைப்பது வேலை. அவளும் அதே மாத்திரையைச் சாப்பிடுகிறவள்தான். ஒருமுறை மையத்திலிருந்து வருவதாகச் சொல்லி ஒரு வீட்டுக்குப் போனதில், அந்தத் தெருவே அவ்வீட்டை ஒதுக்கிவிட்டது. அதன் பிறகுதான் கையில் ஜாதகக் கட்டு ஏறியது. தரகர் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், வயதுப்பையனைத் தனியே கூப்பிட்டுப் பேசலாம். நம் ஊரில் போலீசுக்குக்கூட இவ்வளவு சலுகை கிடையாது. தரகர் என்றால் பொட்டு வேண்டுமே! புருஷன் செத்தபோது சொந்தக்காரர்கள் அழித்த பொட்டை, இந்த வேலை திரும்ப வைத்தது.

2009இல் கெடார் நடராசன் மாத்திரையை நிறுத்தினான். லாரி ஓட்டுகிறவன், நோய் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. பொன்னியை நம்பிச் சலித்துப்போன அவன் அம்மா கொளஞ்சி, அனந்தபுரத்தில் பவானி என்ற பெண்ணைத் தானே பார்த்துவிட்டாள். பெண் வீட்டார் வீடு பார்க்க வரும்போது அலமாரியைத் திறந்தால் என்ன ஆவது என்று பயந்து, மாத்திரை டப்பாவைக் கிணற்றில் போட்டுவிட்டான் பிள்ளை.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் பொன்னி அவனைப் பிடித்தாள்.

“மாத்திரைய விட்டா நீ போய்ச் சேருவ. சொல்லாம கட்டினா அந்தப் பொண்ணையும் இழுத்துக்கினு போவ.”

“சொன்னா ஊர்ல எப்படிக்கா தலைகாட்றது?”

“அப்ப கல்யாணத்த நிறுத்து.”

“அம்மாவாண்ட இன்னான்னு சொல்றது? நீயே எதனா சொல்லுக்கா.”

நோயாளியின் ரகசியத்தை அவள் வெளியே சொல்லக் கூடாது. பையன் ஜாதகத்தில் குறை என்றால் எந்தத் தாய் காது கொடுப்பாள்? பவானியின் ஜாதகத்தை வாங்கி, ஒன்றும் புரியாமலேயே உற்றுப் பார்த்துவிட்டுக் கொளஞ்சியிடம் சொன்னாள்: “மாங்கல்ய தோஷம் இருக்குதும்மா. கட்டினா உங்க புள்ள உயிருக்கு ஆவாது.”

கல்யாணம் நின்றது. மறுமாதமே நடராசன் மையத்தில் வரிசையில் நின்றான். அதன் பிறகு மாத்திரையை விடவில்லை, உடம்பும் தேறியது. கொளஞ்சிக்கு அது போதாதா? “அந்தப் பொண்ண வேணான்னதும் எம்புள்ள எப்படித் தேறிட்டான் பாருங்க!” என்று சந்தையில், பஸ்ஸில், துக்க வீட்டில்கூடச் சொன்னாள்.

அந்தப் பேச்சிலேயே பவானிக்கு வந்த வரன்கள் திரும்பிப் போயின. அது பொன்னியின் காதுக்கும் வந்தது. முதல் தடவையாக நிஜமாகவே தரகு பார்க்கக் கிளம்பினாள். கிளியனூரில் நல்ல பையன் ஒருவன் இருந்தான். அவன் அம்மாவிடம் பவானியின் ஜாதகத்தை நீட்டினாள்.

“அனந்தபுரத்துப் பொண்ணா? அதுக்கு தோஷமாமே!” அந்தம்மாள் கையை இழுத்துக்கொண்டாள்.

“அதெல்லாம் பொய்யிங்க. யாரோ கெளப்பி விட்டது.”

“கெடாருக்கு ஒரு தரகரம்மா வருவாங்களாம். பத்து பைசா வாங்க மாட்டாங்களாம். அவங்க சொன்னது. அப்பேர்ப்பட்டவங்க எதுக்குங்க பொய் சொல்லப் போறாங்க?”