பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கொரியர் ஃபேஷியல்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு பெயர்ப்பலகை. போன பிப்ரவரியில் தோழி ஒருத்தி வாட்ஸப்பில் படம் அனுப்பினாள்: ‘இங்கு கொரியர் ஃபேஷியல் செய்யப்படும். பாப்பிரெட்டிப்பட்டி.’ முகத்தைப் பார்சல் கட்டி அனுப்புவார்களோ என்று இரண்டு நாள் சிரித்தேன். மூன்றாம் நாள் டிக்கெட் போட்டேன். கொரியத் தொடர்கள் பார்த்துப் பார்த்து அந்த எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவே கற்றுக்கொண்டவள் நான். என் குளியலறை அலமாரியில் பதினோரு பாட்டில்கள். கொரிய அழகு தருமபுரி மாவட்டம் வரை வந்துவிட்டதென்றால் நான் போகாமல் வேறு யார் போவார்கள்?

வெள்ளிக்கிழமை காலை சென்னையில் ஏறி 11.20க்கு மொரப்பூரில் இறங்கினேன். உட்காரும் பெட்டி, 125 ரூபாய். அங்கிருந்து அரூர், அரூரில் மாறி பாப்பிரெட்டிப்பட்டி. இரண்டுமே டவுன் பஸ், பெண்களுக்கு டிக்கெட் இல்லை. காத்திருந்த நேரத்தையும் சேர்த்து இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது.

பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் “கொரியன் பார்லர்” என்றேன். தலையாட்டிவிட்டு நேராக ஒரு கூரியர் அலுவலகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இது இல்லைங்க, முகத்துக்குப் போடுவாங்களே, அது.”

“அந்தக் கொரியரா? மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? அது பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்லயே இருக்குதுங்க.”

புறப்பட்ட இடத்துக்கே நாற்பது ரூபாய் கொடுத்துத் திரும்பி வந்தேன். நீங்கள் நடந்தே போகலாம்.

தையல் கடைக்கு மேல் மாடியில் இரண்டு நாற்காலி போட்ட சின்ன பார்லர். நடத்துபவர் நூர்ஜஹான், முப்பத்தைந்து வயதிருக்கும். பலகையைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். “ஸ்டிக்கர் ஒட்டறவரு பண்ண தப்புங்க மேடம். மாத்தலாம்னுதான் இருந்தேன். ஆனா ஊரே அப்படித்தான் சொல்லுது. க்ரீமெல்லாம் கொரியர்லதானே வருது?”

350 ரூபாய் கொடுத்து உட்கார்ந்தேன். ஐம்பது நிமிடம். பாசிப்பயறு மாவால் கழுவி, அரிசி களைந்த தண்ணீரில் நனைத்த துணியை முகத்தில் போட்டு, கற்றாழை தடவி, கடைசியில் சன்ஸ்கிரீன். துணிக்கு அடியிலிருந்தே கத்திவிட்டேன். ஏனென்றால் இது பத்து பாட்டில் வருவதற்கு முந்தைய கொரியா! அந்தக் காலத்து அரச வம்ச நாட்களில் அவர்களும் பயறு மாவில்தான் முகம் கழுவினார்கள், அரிசி களைந்த நீரில் அலசினார்கள். பெரிய வீட்டுப் பெண்கள் பூச்சு தெரியாமல் பளிச்சென்று இருக்க வேண்டும். அடர்த்தியான ஒப்பனை ஆடல் பாடல் பெண்களுக்கு. இந்தக் காலத்தில்தான் எண்ணெய், நுரை, நீர், சாறு, களிம்பு என்று பத்து அடுக்கு வந்தது. முகம் கண்ணாடி மாதிரி மின்ன வேண்டுமாம். இப்போது அங்கேயே பலர் அடுக்குகளைக் குறைத்துக்கொண்டு வருகிறார்கள்.

“அங்கயும் அரிசி கழுவுன தண்ணிதானா? எங்க வூட்ல மிச்சமெல்லாம் எருமைக்குத்தானுங்க போகுது,” என்றார் நூர்ஜஹான். “அதான் எருமை மட்டும் பளபளன்னு இருக்குதா!”

சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். ஸ்டெல்லா, அங்கே ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். துப்பட்டாவை எடுத்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, மூக்கோரம் தோல் உரிந்திருந்தது.

“ஞாயித்துக்கெழம நிச்சயம்க்கா. மாப்ளயோட அம்மா, பொண்ணு இன்னும் கொஞ்சம் கலரா இருந்தா தேவலைன்னாங்களாம். சந்தைல கொரியர் க்ரீம் வாங்கி ரெண்டு வாரமா காலையும் ராவும் போட்டேன். எரியுது. நீங்க ஏதாச்சும் பூசி மறைச்சு வுடுங்க. இல்லேன்னா தேதியத் தள்ளி வெக்கச் சொல்லணும்.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். பச்சை மூடி, முழுக்கக் கொரிய எழுத்து. எனக்கு வேலை வந்துவிட்டது! எழுத்துக் கூட்டினேன்: “பல்… க்ரிம்.”

“பல்லுக்கா?” என்றார் நூர்ஜஹான். “அப்ப பேஸ்ட்டா மேடம் இது?”

கொரிய மொழியில் ‘பல்’ என்றால் பாதம். பித்தவெடிப்பில் தடித்த தோலை உரித்தெடுப்பதற்கான களிம்பு அது. அதைத்தான் இந்தப் பெண் இரண்டு வாரமாகக் கன்னத்தில் தேய்த்திருக்கிறாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் தடுமாறினேன், பிறகு சொன்னேன். ஸ்டெல்லாவுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. எனக்கு அதுவே ஆறுதலாக இருந்தது.

நூர்ஜஹான் எதையும் பூச மறுத்துவிட்டார். கடையைச் சாத்தி, எங்கள் இருவரையும் அரூரில் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் ஒரு சாதாரணக் களிம்பு எழுதிக் கொடுத்தார். வேறு எதுவும் கூடாது, பவுடர் கூடாது, வெயில் கூடாது. உரிந்த தோல் ஆற நாளாகும், ஞாயிறுக்குள் முழுசாகச் சரியாகாது. அன்று இரவு ரயில் பிடித்திருக்க வேண்டியவள் நான். “நிச்சயத்தப் பாக்காம எப்படிங்க போவீங்க? எங்க வூட்லயே தங்குங்க,” என்றார் நூர்ஜஹான். எனக்கும் கால் வரவில்லை. டிக்கெட்டை ரத்து செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெல்லாவின் வீட்டுக்குப் போனோம். ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 150 ரூபாய். ஸ்டெல்லா தேதியைத் தள்ளச் சொல்லவில்லை. சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுப் பந்தலுக்கு வந்தபோது பொட்டுப் பவுடர்கூட இல்லை. எரிச்சல் அடங்கியிருந்தது, சிவப்பு பாதி இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா உற்றுப் பார்த்தார். அவர் கன்னமும் கன்றிச் சிவந்திருந்தது. “ஏங் கண்ணு, மூஞ்சி இப்படி உரிஞ்சிருக்குது?”

ஸ்டெல்லா குரலைத் தாழ்த்தவில்லை. “நீங்க கலரா வேணும்னீங்கன்னு கொரியர் க்ரீம் போட்டேங்க அத்தை. அது காலுக்குப் போடறதாம். இதுக்கு மேல நான் எதையும் பூச மாட்டேன். இந்த மூஞ்சிதான், பாத்துக்கோங்க.”

ஸ்டெல்லாவின் அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தார். அத்தையோ மெல்லக் கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ஸ்டெல்லாவின் காதருகே குனிந்து கேட்டார்:

“மூடி பச்சையா கண்ணு?”

முதலில் சிரித்தது ஸ்டெல்லாதான். அத்தையும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பத்து நிமிடத்தில் தட்டு மாற்றிவிட்டார்கள். பழைய கொரியாவில் வெள்ளை முகம் என்றால் வயலில் நிற்க வேண்டியதில்லாத வீட்டுப் பெண் என்று அர்த்தம். இந்த அத்தை இருபது வருடம் மரவள்ளிக் காட்டில் நின்றவராம். மகன் வீட்டுக்காவது அந்த வெயில் தெரியாத முகம் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அவர்மேல் இருந்த கோபம் எனக்கு அங்கேயே போய்விட்டது. மதியம் நூர்ஜஹான் ஸ்டெல்லாவுக்கும் அத்தைக்கும் சேர்த்தே டாக்டர் எழுதிய களிம்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: உங்கள் ரயில் பொம்மிடியில் நின்றால் அங்கேயே இறங்குங்கள், இன்னும் பக்கம். மார்ச்சுக்கு முன்னால் போங்கள், தொப்பியும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். வெள்ளிக்கிழமை போனால், மதியத் தொழுகை முடிந்து இரண்டு மணிக்கு மேல்தான் பார்லர் திறக்கும். என் பதினோரு பாட்டிலில் இப்போது மூன்றுதான் மிச்சம், முகம் நன்றாகவே இருக்கிறது.

கொரிய எழுத்து போட்ட டப்பா எது வைத்திருந்தாலும் முகத்தில் வைக்குமுன் படமெடுத்துக் கமெண்டில் போடுங்கள், படித்துச் சொல்கிறேன். பச்சை மூடி என்றால் கேட்கவே வேண்டாம், காலில் பூசுங்கள். அத்தை அப்படித்தான் செய்கிறாராம். பித்தவெடிப்பு சுத்தமாகப் போய்விட்டது என்று ஸ்டெல்லா நேற்று செய்தி அனுப்பியிருக்கிறாள்.