காதைப் பொத்திய கைகள்

நிறுத்திய பின்னும் சூடு ஆறாத நீரிறைக்கும் மெசினை இரு கைகளாலும் அணைத்து, அதன்மேல் கன்னத்தை வைத்துக் கண்மூடியிருந்தான். இருபது வயதிருக்கும். அந்தக் காலையில்தான் அவனை முதன்முதலாகப் பார்த்தேன். மணி ஆறரை. வரம்பைப் பார்த்துவிட்டு வயற்கிணற்றடிக்குத் திரும்பியிருந்தேன். அந்த மாதத்தில் எங்கள் வாய்க்கால் வழியே மூன்று மெசின்கள் களவு போயிருந்தன. எந்த மெசின், எந்த நாள் என்று என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். "ஆரடா நீ?" என்றேன். "ஆரடா நீ?" என்றான், என் குரலிலேயே, அதே அதட்டலோடு. அறைந்தேன். முதல் அடி என்னுடையது.

என் கூச்சல் கேட்டு அயல் வயல்களிலிருந்து ஏழு பேர் ஓடிவந்தார்கள். இடுப்பில் கயிறு போட்டுத் தேக்கமரத்தோடு அவனைக் கட்டினோம். "மற்ற மெசினுகள் எங்கையடா?" "மற்ற மெசினுகள் எங்கையடா?" ஒருவர் சிரித்தார்: "பாருங்கோ, இன்ஸ்பெக்டர் ஐயா எங்களை விசாரிக்கிறார்." அந்தச் சிரிப்புக்குப் பிறகு அடி பலத்தது. கறுப்புத் தண்ணீர்க்குழாய்த் துண்டால் தோளிலும் தொடையிலும் அடித்தோம். உதடு பிளந்தது. பல்லொன்று மண்ணில் விழுந்தது. "சொல்லடா!" என்று கத்தினோம், அவனும் "சொல்லடா!" என்று கத்தினான். எங்களில் மூவர் யுத்தகாலத்தில் கட்டப்பட்ட நிலையில் அதே சொல்லைக் கேட்டவர்கள். நானும் ஒருவன். அதை எப்படிக் கேட்பது என்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவனோ முகத்தை மறைக்கவில்லை, வயிற்றைக் காக்கவில்லை. இரு உள்ளங்கைகளாலும் காதுகளை மட்டும் பொத்தியிருந்தான். அதைக் கவனித்தேன்; கவனித்தபடியே அடித்தேன். யாரோ அந்தக் கைகளைப் பிடித்து இழுத்தபோது, பின்தலையை மரத்தில் மோதத் தொடங்கினான்.

அவனுடைய தாய் செருப்பில்லாமல் ஓடிவந்தார். மலையகத்திலிருந்து வந்த குடும்பம். எங்கள் பகுதியில் குடியேறி இரண்டு கிழமைதான். அவர் யாரையும் கும்பிடவில்லை. நேரே போய்த் தன் கைகளால் மகனின் காதுகளைப் பொத்தினார். ஓங்கிய குழாயை நான் நிறுத்தவில்லை. அவருடைய வலக்கை விரல்கள் இரண்டு முறிந்தன.

"கத்தாதீங்க" என்றார், மிக மெல்ல. "அடியவிட சத்தந்தான் அவனுக்கு நோகும். கேட்டதத் திருப்பிச் சொல்லுவான். அவனுக்கு அதுதான் பேச்சு. நல்லதா ஒன்னு சொல்லிப் பாருங்கையா, அதையும் சொல்லுவான்."

எட்டு ஆண்கள் நின்றோம். ஒருவருக்கும் ஒரு நல்ல சொல் வாயில் வரவில்லை. கடைசியில் நான், "சாப்பிட்டியா?" என்றேன். "சாப்பிட்டியா?" என்றான், இரத்தத்தை விழுங்கிக்கொண்டு.

ஓட்டிசம் என்ற சொல்லை ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தபோது அந்தத் தாய் சொல்லித்தான் முதன்முதலாகக் கேட்டேன். அதன் பிறகு மகனை அவர் வீட்டுக்குள் பூட்டிவைத்தார். அவன் கதவில் தலையை மோதும் சத்தம் வீதிவரை கேட்கும். ஒருநாள் என் வீட்டுக்கு வந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையால் தடுத்தார். "வெளிய விட்டா மறுபடி அடிப்பாங்க. வீடு வீடாச் சொல்லப்போறேன். நீங்களும் வாங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றும் போகிறோம். முன்பு அவருடைய மகன் போன்றவர்களைப் பேய் பிடித்ததென்றும் விசரென்றும் சொல்லிக் கடந்து போனவன் நான். இப்போது அந்த மடங்காத விரல்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டிசம் என்றால் என்ன என்பதை அவர் விளக்குவார். நான் செய்ததை நான் சொல்வேன், ஓர் அடியும் குறைக்காமல்.

போன மாதம் மல்லாவிக்கு அப்பால் ஒரு வீட்டுக்குப் போனோம். அங்கே ஆறு வயது மகளைச் சேலைத்தலைப்பால் கட்டிலின் காலோடு கட்டியிருந்தார்கள். நான் சொல்லி முடித்ததும் அந்தச் சிறுமியின் தாய் கேட்டாள்: "நீங்கள் அடிக்கேக்கை ஒருத்தரும் மறிக்கேல்லையோ?"

"இல்லை."

"அப்ப இவளை எப்பிடி அக்கா நான் வெளியில விடுறது?"

"அடிச்சவரையே கூட்டிக்கிட்டு வந்திருக்கேனே, தங்கச்சி" என்றார் அவர்.

அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை. என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.