எந்தத் தெருப் பெண்?

காலைப் பயிற்சியில் பெண்களை ஓடவிட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. எங்கள் பழைய ஆட்டக்காரி ஒருத்தி. “மிஸ், ஸ்டெல்லாக்கா பூட்டாங்க” என்றாள். விசில் ஊதி ஓட்டத்தை நிறுத்தினேன். பெண்களை உட்காரவைத்து, ஸ்டெல்லா இறந்துவிட்டாள் என்று சொன்னேன்.

வட சென்னைக் கல்லூரிப் பெண்களின் கூடைப்பந்துப் போட்டிக்கு ஆண்டுதோறும் வருகிறவர்களுக்கு ஸ்டெல்லாவை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவளும் நானும் ஒரே கல்லூரி அணியில் ஆடியவர்கள். முழங்கால் போனதும் அவள் ஆட்டத்தை விட்டாள், மைதானத்தை விடவில்லை. ராயபுரத்துக்காரி, ரயில்வேயில் வேலை. போட்டி நாட்களில் லீவு போட்டுவிட்டு மைக் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். நான் உடற்கல்வி ஆசிரியையாகி, போட்டியை நடத்தும் வேலையில் மாட்டிக்கொண்டேன்.

அவள் மைக்கைப் பிடிப்பதற்கு முன் எங்களுக்குப் பார்வையாளர்கள் என்று யாரும் கிடையாது. அதே மைதானத்தில் மாலையில் ஆண்கள் ஆட்டம் தொடங்குவதற்குள், உச்சி வெயிலில் எங்கள் இறுதி ஆட்டத்தை முடித்துவிடச் சொல்வார்கள். கைதட்ட மாற்று ஆட்டக்காரிகள் மட்டும்தான். ஸ்டெல்லா வந்தாள். பந்து கூடையில் விழுந்ததும் கல்லூரியின் பெயரைச் சொல்லாமல் பெண்ணின் ஊரையும் தெருவையும் சொன்னாள். “டோல்கேட் பொண்ணு போட்டுச்சு பார். மாத்தூரு இன்னா தூங்கிகினு கீதா?” ஒலிபெருக்கி நெடுஞ்சாலை வரை கேட்கும். தன் தெருவின் பெயரைக் கேட்டவன் சும்மா போவானா? சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள். மீன் விற்றுவிட்டுத் திரும்பியவர்கள் தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். சில ஆண்டுகளில் ஆண்கள் ஆட்டம் வெயிலுக்குப் போனது, மாலை எங்களுக்கு வந்தது. அந்த மாலையை யாரும் எங்களுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. அவள் வாய் வாங்கித் தந்தது.

ஒருமுறை சிறப்பு விருந்தினர் ஒருவர், கொஞ்சம் நல்ல தமிழில் பேசக் கூடாதா என்று முகம் சுளித்தார். “நல்ல தமிழ்தான் சார் பேசிகினு கீறேன். உங்களுக்குப் பழக்கமில்ல” என்றாள், சிரித்துக்கொண்டே. அப்போது எனக்கு வியர்த்துவிட்டது. இப்போது நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

அந்த வாய் ஒருமுறை வம்பையும் இழுத்துவந்தது. அன்று இறுதி ஆட்டம். “சாத்தாங்காடு இரும்புக்கடை வூட்டுப் பொண்ணு முத்துச்செல்வி” என்று அவள் முழங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் சிறப்பு வகுப்பு என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஆட வந்திருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது. கூட்டத்திலிருந்த யாரோ அவள் அப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார்கள். இடைவேளை முடிந்து பெண்கள் இறங்கும் நேரத்தில் அவர் கோர்ட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். தூத்துக்குடிப் பக்கத்து வியாபாரி. “ஏட்டி, கெளம்பு வீட்டுக்கு” என்றார். ஆட்டம் போனால் போகட்டும். இந்தப் பெண் இனிக் கல்லூரிக்கே வருவாளா என்பதுதான் என் கவலை.

ஸ்டெல்லா மைக்கோடு நொண்டி நொண்டி அவரிடம் போனாள். “உன் பொண்ணு, இட்டுகினு போ அண்ணாத்தே. ஆனா இத்தினி சனம் குந்திகினு கீது. ஏன் இட்டுகினு போறேன்னு நீயே சொல்லிட்டுப் போ” என்று மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் கூட்டத்தைப் பார்த்தார். அவர் கடைக்கு வருகிறவர்களும் அதில் இருந்தார்கள். மகளைப் பார்த்தார். கையில் மைக் இருப்பதையே மறந்து, “இன்னும் எவ்வளவு நேரம் கெடக்கு?” என்று ஸ்டெல்லாவிடம் கேட்டார்.

அது நெடுஞ்சாலை வரை கேட்டது. மைதானமே சிரித்துக் கைதட்டியது. மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டு எங்கள் மேசை ஓரமாக உட்கார்ந்தார். கடைசி விசில் வரை எழுந்திருக்கவில்லை. மகள் அணி தோற்றது. நடுவர் ஒரு ஃபவுலைக் கவனிக்கவில்லை என்று பிறகு சண்டைக்குப் போனவரும் அவர்தான்.

எல்லோரும் ஸ்டெல்லாவைப் பாராட்டினார்கள். அவள் முகம் மட்டும் வாடிக் கிடந்தது. “அந்தாளு நல்ல மனுசனா பூட்டாரு. பொண்ணை அட்சிருந்தார்னா நான் இன்னா பண்ணியிருப்பேன்?” என்றாள். அடுத்த ஆண்டிலிருந்து, ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு பெண்ணிடமும் போய், “எந்தத் தெருன்னு சொல்லட்டும்?” என்று கேட்க ஆரம்பித்தாள். சிலர் பதில் சொல்லாமல் தலையைக் குனிவார்கள். காரணம் கேட்கமாட்டாள். அவர்கள் கூடை போட்டால், ராயபுரத்தில் தான் குடியிருந்த தெருவின் பெயரைச் சொல்லி, “எங்க தெருப் பொண்ணு” என்பாள்.

சென்ற வாரம் அந்தத் தெருவில்தான் அவளைக் கிடத்தியிருந்தார்கள். எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள், சிலர் கைக்குழந்தையோடு. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அழுதுகொண்டிருந்த ஒருத்தியிடம், நீங்கள் எல்லாம் எந்தத் தெரு என்று விசாரித்தார்.

“இதே தெருதாம்மா” என்றாள் அவள்.

இந்த ஆண்டு மைக்கை நான் பிடிக்க வேண்டும் என்கிறார்கள். ஸ்டெல்லாவின் குரல் எனக்கு வராது. அவள் கேள்வி என்னிடம் இருக்கிறது, அதைக் கேட்பேன். பதில் சொல்ல முடியாத பெண்ணுக்கு ராயபுரத்தில் ஒரு தெரு இருக்கிறது.