பதினாலு ஊடு

மூணு வருஷத்துக்கு முந்தி, ஆனி மாசம். தாராபுரத்துக்குப் பக்கத்துல ஒரு சின்ன தபாலாபீஸ்ல நான் போஸ்ட்மாஸ்டரா இருந்தேன். ரிட்டயராக இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. போஸ்ட்மாஸ்டர்னா பெரிய பதவின்னு நினைச்சுடாதீங்க. கவுண்டர்ல உக்கார்றதும் நான்தான், கூட்டற ஆள் வராத நாள்ல கூட்டறதும் நான்தான். எங்க பக்கத்து ஆனிக்காத்து தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். ஜன்னலைத் திறந்தா தாளெல்லாம் பறக்கும், சாத்தினா வெந்து சாகணும். இதுக்கு நடுவுல ஆபீஸை வேற கட்டடத்துக்கு மாத்தப் போறோம், பழைய நோட்டையெல்லாம் பார்த்து, வேண்டாததை அழிக்கப் பட்டியல் போடுங்கன்னு மேல இருந்து உத்தரவு. பரண்ல இருந்து இறக்கினா, எந்தக் காலத்து நோட்டெல்லாமோ கிடக்குது. எனக்கோ மூட்டு வலி, தூசின்னா தும்மல். யாரைப் பார்த்தாலும் எரிஞ்சு விழுந்துக்கிட்டு இருந்தேன். அதை மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்லை.

அப்படி ஒரு திங்கட்கிழமை. கவுண்டர்ல கூட்டம், கம்ப்யூட்டர் வேற சுத்திக்கிட்டே நிக்குது. ஒருத்தர் வந்தார். நாப்பத்தஞ்சு வயசிருக்கும். தொண்டாமுத்தூருக்கு மேக்கால ஒரு தென்னந்தோப்புல வேலையாம். மூணு பஸ் மாறி வந்திருக்கார். அவங்க பரம்பரையா கிணறு வெட்டற ஆளுங்க. எங்க சுத்துப்பட்டுத் தோட்டங்கள்ல இருக்கிற கிணத்துல பாதி அவங்க வெட்டினதுதான். போர் போடற வண்டி வந்தப்புறம் பொழப்பு போயி, திசைக்கு ஒருத்தரா கிளம்பிட்டாங்க.

அவர் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கு. காலேஜ் சேர சாதிச் சான்று வேணும். விசாரிச்ச அதிகாரி, உங்கப்பா குடியிருந்த ஊருக்கு ஆதாரம் கொண்டாங்கன்னு சொல்லிட்டார். நிலம் இருந்தாத்தானே பட்டா இருக்கும்? அவங்க புறம்போக்குல குடிசை போட்டு இருந்தவங்க. அந்த இடமும் இப்ப யாரோட சோளக்காடோ. ஆனா, "அங்க எனக்குத் தபால் வந்திருக்குது, கைநாட்டு வச்சு வாங்கியிருக்கறேன்"னு அவங்கப்பா சொல்லியிருக்கார். அந்த ஒரு பேச்சைப் பிடிச்சுக்கிட்டு மனுஷன் வந்துட்டார்.

"ஊர் பேரு வீராயி வலசுங்க மேடம். இருபது நாளைக்குள்ள சர்டிபிகேட் குடுக்கோணுமுங்க."

எங்ககிட்ட ஊர்ப் பட்டியல்னு ஒரு நோட்டு உண்டு. எந்த ஊருக்கு, எந்தத் தோட்டத்துக்கு எந்த போஸ்ட்மேன் போகணும்னு அகர வரிசையில எழுதி வச்சது. பழைய பட்டியலைத் தேடி எடுத்து 'வ' பக்கத்தைப் புரட்டினேன். வ, வா, வி, வீ, எதுலயும் இல்லை. அப்படி ஒரு ஊரே இல்லீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

எட்டு நாள் கழிச்சு மறுபடியும் வந்தார். இந்தத் தடவை நான் நோட்டைக் கையில கூட எடுக்கலை. "இல்லாத ஊரை நான் எங்கிருந்துங்க கொண்டு வருவேன்?"னு கேட்டேன். வரிசையில நின்ன ரெண்டு பேர் சிரிச்சாங்க. அவர் முகம் சுருங்கிப்போச்சு. "சரிங்க மேடம், வாரேனுங்க"ன்னு திரும்பிட்டார். போன் நம்பர் கூட நான் வாங்கலை. முப்பது வருஷமா ஊரார் விலாசத்தையே பார்த்துப் பொழச்சவ, அவர் விலாசத்தைக் கேட்கலை பாருங்க.

அடுத்த பத்து நாளும் நோட்டு அடுக்கறதுலயே போச்சு. ஒரு மத்தியானம், அழிக்கற பட்டியல்ல சேர்க்க அந்த ஊர் நோட்டைக் கையில எடுத்து பக்கம் எண்ணிக்கிட்டு இருக்கேன், எங்க வீட்டுக்காரர் போன் பண்றார். சாவி எங்கன்னு கேட்கறார். வந்த எரிச்சல்ல கத்தினேன்: "ஊட்டுச் சாவி ஊட்டுலதான் இருக்கும்! நல்லாத் தேடிப் பாருங்க!"

சொன்ன வாய் சொன்னபடியே நின்னுபோச்சு. ஊடு. வீடுன்னா எங்களுக்கு ஊடு. விறகுன்னா ஒறகு. அப்ப வீராயி? அட கடவுளே!

'ஊ' பக்கத்தைத் திருப்பினேன். மூணாவது வரியிலேயே இருந்துச்சு. 'ஊராயி வலசு. ஊடு 14.' எழுதின பழைய போஸ்ட்மேன் எந்த ஊர்க்காரரோ, ஊர்ச்சனம் சொன்னதை அப்படியே எழுதி வச்சிருக்கார். நான் பொறந்ததுல இருந்து பேசற பேச்சு, எழுத்துல பார்த்தா எனக்கே அடையாளம் தெரியலை.

அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் ரிஜிஸ்டர் தபால் நோட்டுகளைப் புரட்டினேன். பதினாலு வீட்டுக்கும் தபால் வந்திருக்குது. வெளியூருக்குக் கிணறு வெட்டப் போன அண்ணன் தம்பிங்க போட்டதா இருக்கும். கையெழுத்து ஒண்ணு கூட இல்லை, எல்லாம் கைநாட்டு. வருஷம் போகப் போக பேர் குறைஞ்சுக்கிட்டே வருது. பதினாலு, ஒம்பது, நாலு. கடைசித் தபாலுக்கு நேரா 'ஆளில்லை'ன்னு எழுதியிருக்குது. அவர் சொன்ன அவங்கப்பா பேரும் கைநாட்டோட ஏழு இடத்துல இருந்துச்சு. 

இப்ப நோட்டு இருக்கு, ஆளைக் காணோம். தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தபாலாபீஸ்ல இருக்கிற போஸ்ட்மேனுக்குப் போன் போட்டேன். கிணறு வெட்டின ஆளுங்க, பெரியவர் பேரு, தென்னந்தோப்பு, பொண்ணு பிளஸ் டூ, இவ்வளவுதான் எனக்குத் தெரியும்னேன்.

"அந்தத் தோப்பு தெரியுமுங்கக்கா. காத்தால இருந்து உள்ள யானை நிக்குதாமா. அது நகுந்ததுக்கப்புறம் போயிச் சொல்லிப்போடறனுங்க"ன்னு அவர் சொன்னார். அந்தத் தம்பி நல்லா இருக்கணும், அன்னைக்கே போய்ச் சொல்லிட்டார்.

மறுநாள் காலையில ஆபீஸ் திறக்கறதுக்கு முன்னயே அந்தப் பொண்ணோட அப்பா வாசல்ல நின்னார். உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, நோட்டைத் திறந்து காட்டினேன். ஊர் பேரைப் பார்த்தார், கைநாட்டைப் பார்த்தார்.  அப்புறம் சொன்னார்:

"நீங்க ரெண்டாந்தடவையும் அப்படியொரு ஊரே இல்லைன்னதும், ஊட்டுக்குப் போயி அப்பனைக் கண்டபடி பேசிப்போட்டனுங்க மேடம். வாயில வந்த ஊரைச் சொல்லி என்னைய அலைய உட்டயான்னு. பத்து நாளா எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலீங்க."

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசுச்சு. உங்கப்பாவுக்குப் போன் போடுங்க, நான் பேசறேன்னேன். பெரியவருக்குக் காது மந்தம், கத்தித்தான் பேச வேண்டியிருந்துச்சு. தப்பு என்மேலதானுங்க, 'வ'வுல தேடிட்டேன், 'ஊ'வுல இருக்குதுங்கன்னேன்.

"நான் ஊராயி வலசுன்னுதானே அம்மணி சொன்னேன்! ஆபீஸ்ல பேசறதுக்கு அது நல்லா இருக்காதுன்னு இவன்தான் வீராயின்னு திருத்திப்போட்டான்"னார் பெரியவர். மகன் தலையைக் குனிஞ்சுக்கிட்டார். அவர் திருத்திச் சொன்னார், நான் திருத்தமா இருக்கிற பக்கத்துல தேடினேன். ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு ஊரை இல்லாமப் பண்ணிட்டோம்.

அந்தப் பதினாலு பேரையும் வாசிக்கச் சொன்னார் பெரியவர். வாசிச்சேன். ஒவ்வொரு பேருக்கும் அவர் பதில் சொன்னார். போய்ச் சேர்ந்துட்டான், பாலக்காட்டுப் பக்கம் இருக்கறான், எங்க போனான்னே தெரியலைன்னு. கவுண்டர்ல ஆள் சேர்ந்துட்டாங்க, யாரும் அவசரப்படுத்தலை. முடிச்சதும், "இன்னொருக்கா வாசி கண்ணு"ன்னார். வாசிச்சேன்.

மேலதிகாரிகிட்ட அனுமதி வாங்கி, நகல் எடுத்து முத்திரை வச்சுக் கொடுத்தேன். அதை வச்சு விசாரணை நடந்து சர்டிபிகேட்டும் வந்துச்சு. ஆனா கெடு முடிஞ்சு ஆறு நாள் ஆயிருந்துச்சு. அந்தப் பொண்ணு ஆசைப்பட்ட படிப்பு அந்த வருஷம் கிடைக்கலை, வேற காலேஜ்ல கிடைச்சதைப் படிக்குது. அவர் போன்ல இதைச் சொன்னப்ப ஒரு குறை கூடச் சொல்லலை. ரெண்டு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்.

நான் ரிட்டயராயிட்டேன். மூட்டு வலி இன்னும் இருக்கு, எரிச்சலும் முழுசாப் போகலை. ஆனா யாராவது தன் ஊர் பேரையோ அப்பன் பேரையோ சொன்னா, அவங்க வாயில வர்றபடியே காதுல வாங்கிக்கிறேன். நான் சலிப்புல சொன்ன ஒரு 'இல்லீங்க', ஒரு வீட்டுல அப்பனும் மகனும் பேசாம இருந்த பத்து நாளா, ஒரு பொண்ணுக்குக் கிடைக்காமப் போன படிப்பா ஆயிட்டதே, அதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு ஆறலைங்க.