முதல் பாடவேளை

ஹட்டன் நகரத்துப் பெரிய பாடசாலை ஒன்றில் லோஜினிக்குக் கற்பித்தல் பயிற்சி கிடைத்தபோது, வட்டகொடையில் அவள் வீட்டாருக்கு ஒரே சந்தோஷம். தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படித்துக் கல்வியியற் கல்லூரிக்குப் போன பெண், இனி இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கப் போகிறாள்.

அவளுக்கு ஏழாம் தர வகுப்பைக் கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகள், தினமும் முதல் பாடவேளை. முதல் வாரத்திலேயே பதினொரு கதிரைகள் காலியாகக் கிடப்பது அவள் கண்ணில் பட்டது. தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் இரண்டாவது பாடத்துக்குத்தான் வந்து உட்கார்ந்தார்கள். ஒருநாள் தர்ஷிகா என்ற சிறுமியைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டாள்.

“நானும் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து வளந்தவதான். கொஞ்சம் வெள்ளனா எந்திரிச்சா என்ன?”

தர்ஷிகா தலையாட்டிவிட்டுத் தன் கதிரைக்குப் போனாள்.

அந்த ஞாயிறு லோஜினி சித்தி வீட்டில் தங்கினாள். தர்ஷிகாவின் வீடும் அதே தோட்டத்தில்தான். ஹட்டனுக்குக் காலையில் ஒரே ஒரு பஸ்தான். திங்கட்கிழமை, ஆறரைக்கு வரவேண்டியது ஏழுக்கு வந்தது. உள்ளே கால் வைக்க இடமில்லை. தர்ஷிகா மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்தாள். பாடசாலையை அடையும்போது எட்டாகிவிட்டது; முதல் பாடவேளை ஏற்கெனவே தொடங்கியிருந்தது. வாசலில் நின்ற மாணவத் தலைவர்கள் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொண்டு, பாடவேளை முடியும்வரை குப்பை பொறுக்க அனுப்பினார்கள். அதே பஸ்ஸில் பிந்தி வந்த லோஜினிக்கு மட்டும் காவலாளி வணக்கம் சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டார்.

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. நேரே உப அதிபர் ஜெயகாந்தனிடம் போய், அந்தப் பிள்ளைகளை உள்ளே விடும்படி கேட்டாள்.

“ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. நீங்க ரெண்டு மாசத்துல போயிருவீங்க. நாங்கதானே இங்க கெடக்கணும்?” என்றார் அவர்.

புதன்கிழமை, அவளுடைய பாடத்தைப் பார்த்துப் புள்ளியிடக் கல்வியியற் கல்லூரி விரிவுரையாளர் பைஸர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். லோஜினி பின்னங்களைத் தொடங்கினாள். எட்டு மணிக்குப் பலகையில் ஒரு கணக்கை எழுதிப்போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

“இவங்களுக்கு இப்ப என்னோட பாடம். குப்பைய நான் அப்பறமா பொறுக்குறேன்” என்று மாணவத் தலைவர்களிடம் சொல்லிப் பதினொரு பேரையும் அழைத்து வந்தாள். பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாதியில் மணி அடித்துவிட்டது.

“வகுப்ப விட்டுட்டுப் போனீங்க. பாடமும் முடியல்ல” என்றார் பைஸர்.

“ஆமா சேர்.”

“எதுக்குப் போனீங்கன்னு வெளங்குது. ஆனா இந்தப் படிவத்துல அத எழுத எடமில்ல.”

தேறுவதற்குப் போதுமான ‘சி’தான் அவளுக்குக் கிடைத்தது. ஆனால் போகும்போது பைஸர் உப அதிபருடன் கொஞ்ச நேரம் பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. அடுத்த வாரம் நேரசூசி மாறியது. அதே வகுப்பின் சித்திர ஆசிரியை றம்ஸியா தன் மூன்றாவது பாடவேளையை லோஜினிக்கு விட்டுக்கொடுத்து, முதலாவதைத் தான் எடுத்துக்கொண்டார்.

நாற்பத்திரண்டு கதிரைகளும் நிறைந்த வகுப்பில் லோஜினி முதன்முறையாக ஒரு பாடத்தை முழுமையாக நடத்தினாள். முடிந்ததும் தர்ஷிகா மேசையருகே வந்து நின்றாள்.

“டீச்சர், கணக்கு இப்ப வெளங்குது. ஆனா சித்திரம் எனக்கு ரொம்பப் புடிக்கும். அதயும் மாத்த ஏலாதா?”

அன்று பாடசாலை விட்டதும், காலை பஸ்ஸை நேரத்தோடு விடும்படி பஸ் டிப்போவுக்கு ஒரு கடிதத்தை றம்ஸியாவும் லோஜினியும் சேர்ந்து எழுத உட்கார்ந்தார்கள்.