சொல்லாமல் வைத்த முதல் நடை

திருப்பனந்தாள் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் சௌந்தரநாயகி வீட்டில் காலை எட்டு மணிக்கு மேல் பெரியவர்கள் பேச்சு எடுபடாது. வேலைக்குப் போகும் பெண்கள் விட்டுவிட்டுப் போகும் பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கும். ஐம்பதைத் தாண்டிய சௌந்தரநாயகி அந்த அமளிக்கு நடுவில் போனை வாய்க்குக் கிட்டே பிடித்து, ஒவ்வொரு தாய்க்கும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவாள். "சுவேதா இன்னிக்கு டம்ளர அவளே புடிச்சுக் குடிச்சா. பாதி சட்டைக்குப் போச்சு." "சூர்யா நேத்து வரைக்கும் பொம்மையப் புடுங்குவான். இன்னிக்குக் கை நீட்டிக் கேட்டான்." எழுதச் சொன்னால் அவளுக்குக் கை வணங்காது. பேசச் சொன்னால் பிள்ளை தும்மியதுகூட விடுபடாது.

ஆனால் ஒன்றை மட்டும் சொல்ல மாட்டாள். எந்தப் பிள்ளையும் முதன்முதலாக நடந்ததையோ பேசியதையோ அவள் வாயிலிருந்து வரவழைக்க முடியாது.

அதற்குக் காரணம் அவள் மகன் ஜெகன். இன்று சிங்கப்பூரில் மீசையும் தொப்பையுமாக இருக்கிறவன், தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் எழுந்து நடந்தான். அவள் அப்போது குத்தகை வயலில் குறுவை நடவில் குனிந்திருந்தாள். பொழுது சாய வீடு திரும்பி, காலில் இருந்த சேற்றைக் கழுவும் முன்பே நாத்தனார் அமிர்தம் ஓடி வந்தாள். பிள்ளை நெல் பத்தாயத்தைப் பிடித்திருந்த கையை விட்டது, கோழியைப் பார்த்துச் சிரித்தது, பொத்தென்று உட்கார்ந்தது என்று எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். சௌந்தரநாயகிக்கோ, பெற்றவள் பார்க்க வேண்டியதை இவள் பார்த்துவிட்டாளே என்ற ஆற்றாமை. அன்றிலிருந்து அமிர்தத்தோடு பேச்சு உண்டு, ஒட்டுதல் இல்லை.

அதனால்தான் இந்த வைராக்கியம். ஒரு பிள்ளை இங்கே நடந்துவிட்டால், சாயங்காலம் அழைத்துப்போக வரும் தாயிடம், "இன்னிக்குக் கொஞ்சம் கீழ விட்டுப் பாரேன்" என்பாள். அவ்வளவுதான். மறுநாள் அந்தத் தாய் வாயெல்லாம் பல்லாக, "அக்கா, நடந்துட்டான்!" என்று வருவாள். "அப்படியா! எப்ப? எப்படி?" என்று சௌந்தரநாயகி கன்னத்தில் கை வைத்து வியப்பாள். அந்த நடிப்பில் அவளுக்கு அலாதி சந்தோஷம்.

மோகனப்பிரியாவின் மகள் வானதியிடம்தான் அது பலிக்கவில்லை. மோகனப்பிரியாவுக்குக் கும்பகோணத்தில் துணிக்கடை வேலை. புருஷன் துபாயில். வீட்டிலோ மாமியார் பிள்ளையை இடுப்பை விட்டு இறக்குவதே இல்லை. இங்கே வீடு முழுக்க நடந்தே சுற்றி வந்த வானதி, அங்கே போனதும் தூக்கச் சொல்லிக் கை நீட்டினாள்.

ஒரு காலை மோகனப்பிரியா வீங்கிய கண்ணோடு வந்தாள்.

"வேலைய விட்டுடப் போறேன்க்கா. நீ வேலைக்குப் போறதாலதான் புள்ள நடக்கலன்னு அத்தை சொல்றாங்க. தஞ்சாவூர்ல டாக்டர்கிட்ட காட்டணும்."

சௌந்தரநாயகிக்குப் பகீரென்றது. நல்லது என்று நினைத்துச் செய்தது ஒருத்தியின் பிழைப்பிலேயே கை வைக்கிறதே.

"அவ நடப்பா பிரியா. பத்து நாளா நடக்குறா."

வானதியை இறக்கிவிட்டதும் அது சுவேதாவின் பொம்மையை நோக்கி நடந்தது. மோகனப்பிரியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அப்புறம்தான் கோபம் வந்தது.

"எம்புள்ள நடந்தத எங்கிட்ட மறைச்சீங்களா? ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தேனே."

"நீயே மொதல்ல பாக்கணும்னுதான்..."

"நான் பாக்கலன்னாலும் பரவால்ல. எனக்குத் தெரியணும்க்கா."

பதிலுக்குக் காத்திருக்காமல் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். அன்று முழுக்க சௌந்தரநாயகி எந்தத் தாய்க்கும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பவில்லை. நாளையிலிருந்து பிள்ளை வராதோ என்று பயந்தாள்.

சாயங்காலம் மோகனப்பிரியா வந்து தரையில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க. எப்படி நடந்தா?"

சௌந்தரநாயகி சொன்னாள். தான் மொச்சை உரித்துக்கொண்டிருந்தது, ஒரு மொச்சை உருண்டு ஓடியது, நாற்காலியைப் பிடித்திருந்த வானதி கையை விட்டு அதன் பின்னாலேயே போனது, குனிந்து எடுத்து, "ந்தா" என்று நீட்டியது. எழுந்து நடித்தும் காட்டினாள். மோகனப்பிரியா இமைக்காமல் பார்த்திருந்தாள். "கொலுசு போட்டிருந்தாளா?" என்று மட்டும் இடையில் கேட்டாள்.

அந்த நேரம் துபாயிலிருந்து அழைப்பு வந்தது. மோகனப்பிரியா போனைக் காதில் வைத்தாள்.

"ஏங்க, பாப்பா நடந்துட்டா! ஒரு மொச்சை உருண்டுச்சுங்க. நாற்காலிய விட்டுட்டா பாருங்க, கொலுசு ஜல்ஜல்னு... குனிஞ்சு எடுத்து 'ந்தா'ங்குறா! உங்க சிரிப்புதான் அப்படியே."

பார்த்தவள் சொல்வதைப் போலவே சொன்னாள். சௌந்தரநாயகி திருத்தவில்லை. ஜெகனின் மனைவியிடம் அவளும் அந்தக் கோழிக் கதையைக் கூடவே இருந்து பார்த்தவள் போலத்தான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அமிர்தம் அத்தனை நுணுக்கமாகச் சொல்லியிராவிட்டால், தன் பிள்ளை நடந்ததாக அவளிடம் என்ன இருந்திருக்கும்? இத்தனை வருஷமும் அமிர்தம் அதைப் பறித்துக்கொண்டாள் என்று நினைத்திருந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

தாயும் மகளும் போனபின், போனை எடுத்து அமிர்தத்தை அழைத்தாள்.

"அண்ணி, நம்ம ஜெகன் மொதமொதல்ல நடந்தான்ல, அத இன்னொரு தடவ சொல்லுங்களேன்."

அமிர்தம் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. "அன்னிக்கு நீ நடவுக்குப் போயிருந்தியா, இவன் பத்தாயத்தப் புடிச்சுக்கிட்டு நின்னான்..." என்று ஆரம்பித்துவிட்டாள்.